அசல் அக்கம்பக்கம்

லிஸ்பன் பழைய நகரத்தின் உச்சிமாடி வீட்டை இன்றைக்கு விற்காவிட்டால் வேலை இல்லை என்று வாஸ்கோவிடம் முதலாளி சொல்லிவிட்டார். வீடு பார்க்க வந்த பிரெஞ்சுச் சீமாட்டிக்கோ பளிங்குத் தரையும் மொட்டைமாடி நீச்சல்குளமும் கண்ணிலேயே படவில்லை.

“இதெல்லாம் எங்க ஊர்லயும் இருக்கு. இந்தத் தெருவுல நெஜமான சனங்க யாராவது இருக்காங்களா? இல்ல, எல்லாம் சுற்றுலாக் கும்பல்தானா?”

வாஸ்கோ ஜன்னலைத் திறந்தான். எதிர் பால்கனியில் ஒடெட் ஈரப் போர்வையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கரியடுப்பில் மத்தி மீன் புகைந்தது.

“என்னடா வாஸ்கோ, எலும்பும் தோலுமா நிக்கிற? மீன் தரவா?” என்று கத்தினாள்.

சீமாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுதான் வாழ்க்கை!” என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

கார் கிளம்பியதும் வாஸ்கோ மறுபடி எட்டிப் பார்த்தான்.

“அக்கா, வித்தாச்சு! அடுப்ப அணைச்சிடுங்க. நாளைலேர்ந்து நடிக்க வர வேணாம்.”

ஒடெட் ஈரப் போர்வையைச் சுருட்டிப் பையில் திணித்தாள்.

“நீ நிக்கிற மாடியிலதான்டா நான் குடியிருந்தேன். போன வருசம் அங்கேர்ந்து துரத்துன, இன்னிக்கு இங்கேர்ந்தும் துரத்துற. சரி, அடுத்த தெருவுல வீடு விக்கிறப்ப கூப்பிடு. அங்கயும் நெஜமான சனங்க வேணும்ல?”