மேகம் இறங்கும் குளம்

“நீங்க குடுத்த ஏரி மீன் சோதனையில தேறலை, பெரியவரே.”

சோதனைக்கூடத்துப் பெண் தாளை நீட்டினாள். வலைக்காரர் அதைத் தொடவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும், படித்தாலும் நம்பப்போவதில்லை.

“பொய். உங்க மெஷின் பொய் சொல்லுது.”

“மெஷினுக்கு உங்க மேல என்ன பகை?”

“அதுக்கில்லை. எங்களை ஏரியை விட்டுத் துரத்தச் சொல்லி எவனோ உங்களுக்கு ஓதியிருக்கான்.”

ஜன்னலுக்கு வெளியே ஏரி புகைபோல் கிடந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. அவருடைய படகை யாரோ ஆகாயத்தில் கட்டிப்போட்டதுபோல் இருந்தது.

அவள் ஒரு தட்டை அவர் பக்கம் தள்ளினாள். நீர்க்காக முட்டைகள். ஒன்றுகூட முழுசாக இல்லை.

“தொட்டுப் பாருங்க, ஓடு காகிதம் மாதிரி. தாய் அடைகாக்க உட்கார்ந்ததும் நொறுங்கிடுது. எல்லாம் மீனைத் தின்ன வினை.”

“விஷத்தை யாரு கலந்தா?”

“யாரும் கலக்கலை. எந்தக் காலத்துலயோ எங்கேயோ வயல்ல அடிச்ச மருந்து. அது அழியாது. காத்துல ஏறி, மேகத்தோட போய், குளிர்ச்சியான இடமா பார்த்து இறங்கும். அப்புறம் மீனோட கொழுப்புல குடியேறிடும்.”

“விஷத்துக்கு றெக்கை வேற முளைச்சிருச்சா!”

“சிரிக்காதீங்க. நாளையிலேருந்து ஏரியில வலை போடக் கூடாதுன்னு உத்தரவு வரும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “உங்க மக மாசமா இருக்காளே, அவளுக்கு இந்த மீனைக் குடுக்கலையே? வயித்துப் பிள்ளையோட மூளைக்கு ஆகாது.”

“ஏரி மீனா? அவ கண்ணுல காட்டினதில்லை.”

“அப்போ நீங்களே ஏரியை நம்பலை!”

“நான் யாரைத்தாம்மா நம்பினேன்? ஏழு மாசமா அவளுக்கு மலை உச்சிக் குளத்து மீன்தான். வாரத்துல ரெண்டு நாள் ஏறிப் போய் நானே பிடிச்சுட்டு வர்றேன்.”

அந்தக் குளத்தைச் சொல்லத் தொடங்கியதும் அவர் கண்கள் பாதி மூடின. மனித வாடையே படாத தண்ணீராம். அடியில் கிடக்கும் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாமாம். மீன்கள் நீந்துவது தெரியாது, அவற்றின் நிழல்தான் கல்லின்மேல் நடந்து போகுமாம். கையை விட்டால் குளிர் எலும்பு வரைக்கும் ஏறுமாம். விடிந்தால் மேகமெல்லாம் அங்கேதான் வந்து இறங்கி...

அவர் குரல் தேய்ந்து நின்றது.

“நல்ல காரியம் செஞ்சீங்க,” என்று அவள் பெருமூச்சு விட்டாள். “தாத்தாவோட சந்தேகப் புத்தியால பிள்ளை தப்பிச்சுது.”

வலைக்காரர் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். ஏரி மீன் தேறாது, பிழைப்பில் மண் விழுந்துவிடும் என்று பயந்து, சோதனைக்கென்று அவர் கொண்டுவந்து கொடுத்ததே அந்த மலைக்குளத்து மீனைத்தான்.