வீரசிங்கத்தின் காது

"தலைய ஆட்டாம இரிடா" என்று வீரசிங்கத்தின் பிடரியில் ஒன்று வைத்தேன்.

அவன் இரண்டு காது மடலிலும் ஓட்டை. குழந்தையில் கோயிலில் வைத்துக் குத்தியது. கடுக்கனைக் கழற்றிப் பத்து வருஷமாகியும் தூர்ந்து போகாத சனியன் பிடித்த ஓட்டை.

வெளியே பதுளை பஸார் எரிந்துகொண்டிருந்தது.

கடைப் பலகை இடுக்கால் பார்த்தேன். சிங்களக் கும்பலில் நாலைந்து பேர், பஸ்ஸுக்கு ஓடிய ஒரு ஆளைப் பிடித்து, முகத்தைத் திருப்பி, காது மடலை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஓட்டை இருந்தது. இரும்புக் கம்பி அவன் மண்டையில் இறங்கிய சத்தம் பலகைக்கு இந்தப் பக்கம் கேட்டது. விழுந்த பிறகும் அடித்தார்கள். அசைவு நின்ற பிறகும் அடித்தார்கள்.

நாங்கள் முஸ்லிம்கள் ஆண்பிள்ளைக்குக் காது குத்துவதில்லை. தேயிலைத் தோட்டத்துத் தமிழ் ஆட்கள் குத்துவார்கள். பதுளையில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

வீரசிங்கம் லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் கிளாக்கர். இன்றைக்கு அவனை வரச்சொன்னது நான்தான். லண்டனிலிருந்து என் மச்சான் அனுப்பிய பார்சல் வந்திருந்தது. விரல் உயர ஈயச் சிப்பாய்கள், வேற்றுக்கிரகத்துச் சண்டைக்காரர்கள், ஒரு பெட்டி நிறைய. கொழும்பில் தமிழ் ஆட்களை வெட்டுகிறார்களாம் என்று டெலிபோனில் தயங்கினான். பதுளையில் ஒரு மண்ணும் நடக்காது, வாடா என்று சொன்னவன் இந்த இத்ரூஸ். என் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க வேண்டும்.

எனக்குத் தொழில் மணிக்கூடு திருத்துவது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடையைச் சாத்திவிட்டு இந்தச் சிப்பாய்களை அறுப்போம். ஒருவன் கையை இன்னொருவன் தோளில் ஒட்டுவோம். பழைய மணிக்கூட்டுச் சக்கரத்தை முதுகில் வைத்தால் அவன் பறக்கிற ஆள். வெட்டின இடத்தைப் பட்டிப் பசை வைத்து அடைத்துத் தோல் நிறம் பூசிவிட்டால் எங்கே வெட்டினோம் என்று எங்களுக்கே தெரியாது.

அதே பட்டியைத்தான் இப்போது குழைத்தேன். இரண்டு காதிலும் ஊசிமுனையால் திணித்தேன். அது இறுக அரை மணித்தியாலம் வேண்டும். பெயின்ட் டப்பாவில் மண் நிறம் காய்ந்து கிடந்தது. இருந்ததை வைத்துக் கலந்து பூசினேன்.

"நானா, புள்ளைக்கு ரெண்டு வயசுதாங்க நானா" என்றான் வீரசிங்கம்.

அவன் தலையில் என் தொப்பியைக் கவிழ்த்தேன். வேலை மேசையில் உட்காரவைத்து, கையில் ஒரு மணிக்கூட்டைத் திணித்தேன்.

பலகை உடைந்தது.

ஏழெட்டுப் பேர். கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. புதுச் சிப்பாய்கள் செருப்புக்கடியில் நசுங்கினார்கள். நான் குறுக்கே விழுந்தேன். கம்பி என் தோளில் இறங்கி எலும்பு முறிந்தது. யா அல்லாஹ், அந்த வலியிலும் என் கண் அவன் காதை விட்டு நகரவில்லை.

முகத்தில் லேஞ்சித் துணி கட்டிய ஒருவன் முன்னால் வந்தான். கண் மட்டும்தான் தெரிந்தது. முதலில் என் காதை இழுத்துப் பார்த்தான். பிறகு வீரசிங்கத்தின் காதைப் பிடித்தான்.

பெருவிரலால் மடலை அழுத்தினான். பட்டி அமுங்கியது. விரலில் பெயின்ட் ஒட்டியது.

விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். வீரசிங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

முடிந்தது என்று நினைத்தேன். அவன் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

லேஞ்சிக்காரன் விரலைத் தன் சாரத்தில் துடைத்தான். இரண்டு பேரும் முஸ்லிம் ஆட்கள், விடு என்று சிங்களத்தில் கத்தினான். கத்திய கையோடு வீரசிங்கத்தின் கன்னத்தில் ஓங்கி ஒன்று அறைந்தான். மற்றவர்கள் வெளியே நகர்ந்ததும் என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னான்.

"வெள்ள கூடிப்போச்சு நானா. மண் கலர் கொஞ்சம் சேத்திருக்கணும்."

ஜினதாஸ!

பஸாரில் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேசையில் மூன்றாவது ஆள். தோல் நிறம் கலக்க எனக்குச் சொல்லித் தந்தவனே அவன்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழும்ப முடிந்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேன்.

உடைந்த பலகை வழியே அவர்கள் போவதைப் பார்த்தேன். அடுத்த கடை ரெங்கசாமியுடையது. முந்தாநாளே, ஜினதாஸ எழுதிக் கொடுத்த போர்டைக் கழற்றி ஒளித்துவிட்டு, மனைவி மாரியாயியோடும் பிள்ளைகளோடும் மேல்மாடியில் பதுங்கியிருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் யாருடைய கடை என்று தெரியாது. கும்பல் அதைத் தாண்டிப் போய்விட்டது.

ஜினதாஸ மட்டும் அந்தக் கடை வாசலில் நின்று, தாண்டிப் போனவர்களைக் கை தட்டிக் கூப்பிட்டான்.