சொல்லிக்கொண்டு போவது

வெளிநாட்டில் ஓர் ஆசிரமப் பள்ளியில் தங்கிப் படிக்கும் தவமணி, இரண்டு வருடம் கழித்துப் பத்து நாள் லீவில் வந்திருந்தாள். இன்று கிளம்புகிறாள். கல்குவாரி வாசலில் வேன் நின்றது. ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த அம்மா அஞ்சலை, சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"போறேம்மா."

"அப்படிச் சொல்லாதடி. போயிட்டு வரேன்னு சொல்லு."

"திரும்ப அனுப்புவாங்களான்னு தெரியாதேம்மா. தெரியாததைச் சொன்னா பொய். பொய் சொல்ல மாட்டேன்னு அங்க விரதம் எடுத்திருக்கேன்."

"வந்துட்டா பெரிய சாமியாரிணி! உங்கப்பா தெனமும் வெடி வைக்கக் குழிக்குள்ள எறங்குறப்ப, வரேன்னுதான் சொல்லிட்டு எறங்குறாரு. தெரிஞ்சா சொல்றாரு?"

தவமணி குழிப் பக்கம் பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அஞ்சலை வேன் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.