போனில் ஒரு ஜோலாக்காரி

"என்னைக் கேக்காம உன்னை யாருடா சீக்குல படுக்கச் சொன்னது, அடிமைப் பயலே?"

போனில் வந்த பெண்குரலைக் கேட்டு பிராம் ஜூஃப் திகைத்துப் போனார். பஞ்சுல் ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டு திறந்த புதிது. பக்கத்துக் கட்டில்காரரை முந்தின நாள்தான் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தார்கள். அடுத்தது தான்தான் என்று முடிவு கட்டிவிட்ட பிராம், அதிலிருந்து சோற்றைத் தொடவில்லை. மனைவி சிகா போனில் அழுதபோதுகூட 'ம்' என்பதோடு சரி.

"யாரு நீ?"

"ஃபோனி வட்டாரத்து ஜோலாக்காரி. செரேர்க்காரப் பய உனக்கு எஜமானி."

அதற்கு மேல் அறிமுகம் எதற்கு? செரேர், ஜோலா இரண்டு இனத்தாருக்கும் பாட்டன் காலத்திலிருந்தே கேலிமுறை. முகமே பார்த்திராதவர்கள்கூட ஒருவரையொருவர் அடிமை என்று வாய்க்கு வந்தபடி வையலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது. பதிலுக்கு வையாமல் வாயை மூடிக்கொண்டால்தான் மானக்கேடு.

பிராம் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

"திட்டக்கூடத் தெம்பில்லையா? வச்ச சோறு அப்படியே கிடக்காமே. தின்னுட்டு வா, பேசிக்கலாம்."

வைத்துவிட்டாள். பிராமுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடலில் படகு விடுகிறவனை ஒரு வயல்காட்டு ஜோலாக்காரி வாயடைப்பதா? தட்டை இழுத்து, ஆறிப்போன மீன்சோற்றை நாலு வாய் விழுங்கினார்.

மறுநாள் அவள் கூப்பிட்டபோது, சோற்றுப் பானைக்குள் தலைவிட்டபடியே பிறந்த கூட்டம் என்று அவள் பரம்பரையையே இழுத்தார். அவளும் விடவில்லை. தினமும் சண்டை. மிச்சம் வைத்த மீன் துண்டுவரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது. வார்டில் ஒற்றன் வைத்திருக்கிறாளோ என்று பெருக்குகிறவரைக்கூட முறைத்துப் பார்த்தார்.

மனக்குறையைக் கொட்ட அவருக்குக் கிடைத்தது வார்டைக் கவனித்துக்கொண்ட ஒரு கியூபாக்கார நர்ஸ். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, கவசம், கண்ணாடி. எல்லாம் சைகைதான், ஒரு வார்த்தை பேசமாட்டாள். கியூபாவிலிருந்து மருத்துவக் குழு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்த பிராம், இவளும் அதில் ஒருத்தி, பாஷை தெரியாதவள் என்று தாமே தீர்மானித்துக்கொண்டார். அதுவும் வசதியாகப் போயிற்று. எதையும் சொல்லலாமே.

ஜோலாக்காரியை நேரில் பார்த்தால் என்னென்ன சொல்வேன் என்றெல்லாம் அவளிடம் அளந்தார். ஒருநாள் மட்டும் குரல் இறங்கியது.

"அவ மட்டும் போன் பண்ணலேன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன்மா. எந்த மகராசியோ, நல்லா இருக்கட்டும்."

கியூபாக்காரி, ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த குளுக்கோஸ் குழாயை வெகுநேரம் சரிசெய்தாள்.

நோய் விட்டது என்று முடிவு வந்த அன்று, வாசலில் சிகா கைப்பிள்ளை போல் தேம்பிக்கொண்டு நின்றாள். வராந்தாவில் டாக்டர்களும் நர்ஸுகளும் வரிசையாக நின்று கைதட்டினார்கள். அந்தக் கவச உடுப்பைக் கழற்றிவிட்டு நர்ஸ் சீருடையில், முகக்கவசம் மட்டும் போட்டு நின்ற கியூபாக்காரியை, அந்தக் கண்களை வைத்தே பிராம் அடையாளம் கண்டுகொண்டார். அவளுக்குப் புரியவேண்டுமே என்று நெஞ்சைத் தொட்டு, வானத்தைக் காட்டி, இரு கைகளையும் விரித்து நன்றி சொன்னார்.

அவள் எட்ட நின்றபடியே முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள்.

"சைகை எல்லாம் எதுக்குடா அடிமை? நேத்து வரைக்கும் போன்ல வாய் நீளமாத்தானே இருந்துச்சு?"