அதே கையெழுத்து

வேலையில் சேர்ந்த அன்று செவந்தி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். என்ன தகராறு வந்தாலும் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, கம்பெனி நியமிக்கும் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று அதில் இருந்தது. "போட்டாத்தான் வேலை" என்றார் மேனேஜர். கடைசி எழுத்தின் சுழியை நீளமாக இழுத்து, அடியில் ஒரு கோடு போடுவது அவள் வழக்கம். அப்படியே போட்டாள்.

பிறகு பிரஸ் மெஷின் அவள் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. மறுநாளே மெஷினுக்குப் பூசணிக்காய் உடைத்து, குங்குமம் வைத்து, ஓட்ட ஆரம்பித்தார்கள். புண் ஆறியதும் அவள் நடுவரிடம் போனாள்.

நடுவர் தன்மையானவர். ஃபேனை அவள் பக்கம் திருப்பிவிட்டார். மனுவில் அவள் இடக்கையால் போட்டிருந்த கோணல் கையெழுத்தை ஒப்பந்தத்தோடு வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒத்துப்போகலையேம்மா. ஒத்துப்போனாத்தான் நான் விசாரிக்க முடியும்."

"அந்தக் கைதான் சார் போயிடுச்சு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

"புரியுதும்மா." நிஜமாகவே புரிந்த முகம். பேனா மூடியைத் தானே கழற்றி நீட்டினார். "அவசரமில்ல. நிதானமா, அதே மாதிரி போடுங்க."

செவந்தி பேனாவை வாங்கவில்லை. மழுங்கிய வலது கையைக் காகிதத்தின் மேல் வைத்து நகர்த்தினாள். சுழி நீண்டது. அடியில் ஒரு கோடு போய் நின்றது.

நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது அப்படியே ஒத்துப்போகுதும்மா" என்றார். "ஆனா, மை படலையே."