ஒரு ஸ்டார் குடுங்க சார்

காலை பதினொன்று பத்துக்கு லாயிடின் போன் அடித்தது. பத்தொன்பது நாள் கழித்து லாரி ஆப்பில் ஒரு லோடு.

ஹெப்பகோடி லாரி ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கா? ஆப்புக்குப் புத்தி கெட்டுப் போச்சா குரு?" என்றான் சரவணன். அவனும் லாரி ஓட்டுகிறவன்தான். நாலரை ஸ்டார்காரன்.

லாயிடுக்கு இருந்தது ஒன்று புள்ளி இரண்டு. ஸ்டாண்டிலேயே கடைசி. தப்பு அவன் வாயில். ஆப்பில் சேர்ந்த நாள் முதல், ஒவ்வொரு லோடையும் இறக்கிவிட்டு, "ஒரு ஸ்டார் குடுங்க சார்" என்று பணிவாகக் கேட்டான். பெங்களூரு ஜனங்கள் நல்லவர்கள். கேட்டதைக் கேட்டபடி கொடுத்தார்கள். ஐந்து வரைக்கும் கேட்கலாம் என்று யாரோ சொன்னபோது ஆறு மாதம் ஆகியிருந்தது.

"நான் மூஞ்சியப் பாத்து லோடு குடுத்தவன்," என்றார் கோவிந்தப்பா. ஆப் வருவதற்கு முன் அந்த ஸ்டாண்டுக்கே அவர்தான் புரோக்கர். "ஆப்புக்கு மூஞ்சியும் தெரியாது, முழியும் தெரியாது."

"நீங்க மூஞ்சியப் பாத்துட்டு கமிஷன்ல கை வச்சீங்க. அது பாக்காமலே வைக்குது. அவ்ளோதாண்ணா வித்தியாசம்," என்றான் சரவணன்.

லாயிட் சிரிக்கவில்லை. நேற்றே ஆப் எச்சரிக்கை அனுப்பியிருந்தது. இன்னும் ஒரு புகார் வந்தால் ஐடி மூடப்படும். அப்புறம் லாரியை ஜீவனஹள்ளியில் வீட்டு வாசலில் நிறுத்தி வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

லோடு ஏற்றும் கிடங்கில் அதன் முதலாளி ராஜேஷ்குமார் காத்திருந்தார். செம்புக் கம்பி. சீல் வைத்த அறுபது பெட்டிகள். ஹொஸ்கோட்டையில் ஒரு ஃபேக்டரிக்குப் போக வேண்டும். ஆப் காட்டிய எட்டு லாரிகளில் இவனை அவரே பொறுக்கியிருந்தார்.

"ஒண்ணு புள்ளி ரெண்டு. நெஜந்தானா?"

"நெஜந்தான் சார். ஆனா, நான் என்ன பண்ணேன்னா..."

"வெளக்கமெல்லாம் வேணாம்பா. எனக்கு ஒம்மேல நம்பிக்கை இருக்கு. அவசரமில்ல, நிதானமாப் போ. நடுவுல போன் பண்ணித் தொல்லை குடுக்க மாட்டேன்."

இப்படி ஒரு பார்ட்டியை லாயிட் பார்த்ததே இல்லை.

ரோட்டில் ஏறியதும் சரவணன் போனில் கூப்பிட்டு, என்ன லோடு என்று கேட்டான். "செம்பா? தொம்மசந்திரா தாண்டி ஒரு பழைய இரும்புக் கடை இருக்கு. கேள்வியே கேக்க மாட்டான். எப்படியும் ஒன் ஐடி போகத்தான் போகுது மச்சா."

லாயிட் போனை அணைத்துப் பையில் போட்டான். மேப் சொன்ன வழியை விட்டு, சந்தாபுரத்தில் இடப்பக்கம் திருப்பினான்.

தொம்மசந்திரா தாண்டி, பழைய இரும்புக் கடைக்கு முன்னால் லாரி நின்றது. கடைக்காரர் எழுந்து வந்து தார்ப்பாயை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்ன லோடு?"

லாயிட் அவரைப் பார்த்தான். பெட்டிகளைப் பார்த்தான்.

"ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்ணா," என்றான்.

ஒன்றரை மணிக்கெல்லாம் ஹொஸ்கோட்டை ஃபேக்டரி வாசலில் இருந்தான். மேப்புக்குத் தெரியாத குறுக்குவழியில் முக்கால் மணி மிச்சம். அறுபது பெட்டிகளையும் சீல் உடையாமல் இறக்க வைத்தான். இந்தத் தடவை வாயைத் திறந்து ஐந்து கேட்டுவிடுவது என்ற முடிவோடு போனை உயிர்ப்பித்து, 'டெலிவரி முடிந்தது' என்று அழுத்தினான்.

மறு நிமிடமே ராஜேஷ்குமார் கூப்பிட்டார்.

"எறக்கியாச்சு சார்!" என்றான் லாயிட். "அறுபதும் அப்படியே இருக்கு. இப்பதான் மேடம் பிரிச்சுப் பாக்குறாங்க."

பெட்டியைப் பிரித்த ஸ்டோர் அதிகாரி ஜோவிதா, உள்ளிருந்து ஒரு செங்கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இவனையே பார்த்தாள்.

போனில் ராஜேஷ்குமாரின் குரல் அழுகிற மாதிரி வந்தது.

"ஊர்லயே மோசமான ஸ்டாரு, நீ லோடோட ஓடிருவேன்னு நம்பித்தானேய்யா இன்சூரன்ஸ் போட்டு ஒங்கிட்ட ஏத்திவிட்டேன், எதுக்குய்யா கொண்டுபோய்ச் சேத்த?"