ஹலீமா பீயின் முட்டி வலி

"உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாள் நர்ஸ் சவுரியம்மாள்.

"அக்தரி பேகம்" என்றாள் பக்கத்தில் இருந்த மாமியார் ஹலீமா பீ.

"பசி எடுக்குதா?"

"வேளாவேளைக்கு நல்லா சாப்புடுறா." இதற்கும் மாமியார்தான்.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"படுத்தா எழுப்பணும். அப்பிடித் தூங்குவா."

மருமகள் வாயைத் திறக்கவே இல்லை. முகத்திரையை விலக்கிக்கொண்டு தன் கால் பெருவிரலையே பார்த்தபடி இருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வண்டியிலிருந்து இறங்கி உள்ளே வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

பேரணாம்பட்டுக்கு மோட்டார் பஸ் வந்த புதுசு. பெண்கள் ஆஸ்பத்திரி என்று பேர்தான் பெரிது. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு நர்ஸ். டாக்டரம்மா வாரத்துக்கு ஒரு நாள் வேலூரிலிருந்து வந்து போவார். போன வாரம் அக்தரியைப் பார்த்துவிட்டு, ஐந்து மாசக் கர்ப்பம், உடம்பில் ரத்தமே இல்லை, இப்படியே போனால் பிரசவம் தாங்கமாட்டாள் என்றார். காரணம் என்னவென்று கேட்டு வைக்கும்படி சவுரியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார். சொல்வது சுலபம். கேட்கிற கேள்விக்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னால் காரணத்தை யாரிடம் கேட்பது?

கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்று தன்மையாகக் கேட்டுப் பார்த்தாள். தலைப்பிரசவக்காரியை அந்நிய இடத்தில் தனியாக விடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது என்று ஹலீமா பீ ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

தாழ்வாரத்தில் முனியம்மா உட்கார்ந்திருந்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்பவள். வெந்துபோன கைக்குக் களிம்பு போட்டாயிற்று. காயட்டும் என்று உட்கார்ந்தவள் காதை மட்டும் உள்ளே அனுப்பியிருந்தாள்.

"மருமவ தொண்டையையும் மாமியாளே குத்தகைக்கு எடுத்துட்டா போல" என்று முணுமுணுத்தாள்.

சவுரியம்மாளுக்கும் உள்ளே எரிச்சல்தான். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. கேள்விகளை நிறுத்திவிட்டு வெயிலைப் பற்றியும் வண்டிமாட்டைப் பற்றியும் பேச்சுக் கொடுத்தாள். அப்போது ஹலீமா பீ தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"எனக்குத்தான் நர்ஸம்மா, முட்டி நோவு ஜாஸ்தியா இருக்குது."

நர்ஸுக்கு அது போதும். இப்படி நோவை வளரவிடலாமா பீபி என்று அங்கலாய்த்தாள். தாழ்வாரத்தின் கோடியில் நாற்காலி போட்டாள். அங்கிருந்து பார்த்தால் மருமகள் தெரிவாள், பேச்சு மட்டும் கேட்காது. ஹலீமா பீயை அதில் உட்காரவைத்து, காலை வெந்நீர் வாளியில் வைக்கச் சொல்லி, முட்டியில் சுடுதுணியும் சுற்றினாள். தண்ணீர் ஆறுகிற வரைக்கும் அசையக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

முனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தோல் மண்டிக்கார வூட்டு முட்டின்னா வெந்நீர் ஓடி வருது. பொண்ணு சாவக் கெடக்குறா, அதக் கேக்க ஆளில்ல."

சவுரியம்மாள் காதில் விழாதவள் போல உள்ளே போனாள். பெஞ்சில் அக்தரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாய்வீடு ஆம்பூரா, தங்கைகள் உண்டா என்று பேசிக்கொண்டே போனாள். அந்தப் பெண் ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

"எங்க அக்கா முழுகாம இருந்தப்ப அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளித் தின்னா. உனக்கு வாய் என்ன கேக்குது கண்ணு?"

அக்தரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"செவுத்து மண்ணு" என்றாள்.

பிறகு எல்லாம் வந்தது. கட்டிலுக்குப் பின்னால் பழைய மண் சுவர். யாரும் இல்லாதபோது நகத்தால் சுரண்டித் தின்கிறாள். சோறு இறங்குவதில்லை. விட நினைத்தாலும் முடியவில்லை.

"மாமிக்குத் தெரிஞ்சா என்னைத் தாய் வூட்டுக்கே அனுப்பிடுவாங்க, நர்ஸம்மா."

சவுரியம்மாள் திட்டவில்லை. ரத்தம் கம்மியானால் இப்படி ஆசை வருவது உண்டு, மருந்து இருக்கிறது, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியாரை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று மனசுக்குள் ஒரே சந்தோஷம்.

சவுரியம்மாள் வெளியே வந்தபோது ஹலீமா பீ காலைத் துடைத்துக்கொண்டு விறுக்கென்று எழுந்து நின்றாள். இரண்டு வேளை மருந்து கொடுங்கள், ஈரலும் கீரையும் சமைத்துப் போடுங்கள் என்று நர்ஸ் சொல்ல, பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"முட்டி இப்ப எப்படி இருக்கு பீபி?"

"என் முட்டிக்கு இன்னா? அது எப்பவும் நல்லாத்தான் இருக்குது." ஹலீமா பீ நர்ஸை ஓரமாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள். "செவுத்து விசயத்த உங்ககிட்ட சொல்லிட்டாளா?"

சவுரியம்மாள் தாழ்வாரக் கோடியில் கிடந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் எதிர்ல பேசறது மரியாதை இல்லன்னு பேச மாட்டா. தனியா வுட்டுட்டு எழுந்து போனா எங்க ஜனம் என்னைப் பேசும். முட்டி நோவுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, பாருங்க. அந்தப் பள்ளத்த தினம் நான்தான் பூசிட்டு வர்றேன். வூட்டுல எல்லார்கிட்டயும் எலி சுரண்டுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க, வெக்கப்படுவா."

"அவதான் சுரண்டுறான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

வண்டியில் ஏறப் போன ஹலீமா பீ திரும்பிச் சிரித்தாள்.

"அவ புருஷன் என் வயித்துல இருந்தப்ப நானும் அதே செவுத்தைத்தானே தின்னேன்."